உள்நாட்டுப் போர் வீரர்களின் கல்லறைக் கற்களைப் படமெடுத்தல்: முழுமையான வழிகாட்டி

1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்டவர்களின் தலைமாட்டில் அரசு நட்டுவைத்தது பெரும்பாலும் வெள்ளைச் சலவைக்கல். சலவைக்கல் என்பது சுண்ணாம்புக்கல் இறுகி மாறியதுதான். அமிலம் கலந்த மழைநீர் அதை ஆண்டுக்காண்டு கரைத்துக்கொண்டே போகிறது. பழைய கல் ஒன்றை விரலால் லேசாகத் தடவினாலே சர்க்கரை போலப் பொடி ஒட்டும். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நின்ற இடத்திலிருந்தே படிக்க முடிந்த பெயர், இன்று முட்டி போட்டுப் பார்த்தாலும் பிடிபடுவதில்லை. ஆகவே நாம் எடுக்கப்போவது அழகான படம் அல்ல, படிக்கக்கூடிய படம். அந்தக் கல்லை நேரில் காணாத ஒருவர், படத்தை மட்டும் வைத்துப் பெயர், ரெஜிமென்ட் (படையணி), அதற்குள் அவர் இருந்த கம்பெனி (சிறு பிரிவு) மூன்றையும் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டும். கீழே சொல்பவை எல்லாம் அதற்காகத்தான்.

எந்தக் கல், எந்தக் காலத்தது

தேசியக் கல்லறைத் தோட்டங்களை அமைக்கும் அதிகாரம் 1862 ஜூலையில் அதிபர் லிங்கனுக்குக் கிடைத்தது. ஆனால் ஆரம்பத்தில் நட்டவை மரப்பலகைகள். அவை சில ஆண்டுகளில் உளுத்துப்போயின. கல்லுக்கான முதல் அளவு 1873இல் முடிவானது: 10 அங்குல அகலம், 4 அங்குலத் தடிமன், தரைக்கு மேல் 12 அங்குல உயரம், மேல்விளிம்பு லேசான வளைவு. முகப்பில் குழிவான ஒரு கேடயம், அதற்குள் புடைப்பெழுத்துகள். பெயர் தெரியாதவர்களுக்கு 6 அங்குலச் சதுரத் தூண். நீளம் இரண்டரை அடி இருந்தாலும் பெரும்பகுதி மண்ணுக்குள் போய்விடும். வெளியே தெரியும் தலைப்பகுதியில் கல்லறை எண் மட்டும் இருக்கும். புல்லில் முளைத்த எல்லைக்கல் என்று நினைத்துப் பலர் கடந்துபோவது இதைத்தான்.

1903இல் கல்லின் அளவு கூடியது: மொத்த நீளம் 39 அங்குலம், அகலம் 12. முதல் உலகப் போருக்குப் பின் வந்த பொதுவகைக் கல்லுக்கு அகலம் 13 அங்குலம். எனவே அகலத்தை அளந்தாலே கல்லின் வயது ஏறத்தாழத் தெரிந்துவிடும். 10 என்றால் 1903க்கு முந்தையது. 13 என்றால், 1864இல் இறந்தவரின் கல்லாகவே இருந்தாலும், பிற்காலத்தில் மாற்றியோ புதிதாகவோ வைத்தது. மாற்றுக்கல்லில் எழுத்து தெளிவாக இருக்கும்; பழைய கல்லில் மங்கியிருந்த எழுத்தை ஒருவர் தவறாகப் படித்ததும் அதில் சேர்ந்தே வந்திருக்கலாம்.

பிரிந்துபோய் எதிர்த்துப் போரிட்ட தென் மாநிலங்களின், அதாவது தெற்குக் கூட்டமைப்பின், வீரர்களுக்கான அரசுக் கல்லில் மேல்முனை கூரை போலக் கூம்பியிருக்கும், கேடயம் இராது. வடக்கே சிறைமுகாம்களிலும் மருத்துவமனைகளிலும் இறந்தவர்களுக்கு இந்தக் கல்லை 1906ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதித்தது. தனியார் கல்லறைகளில் இருந்தவர்களுக்கு 1929இல்தான் அனுமதி வந்தது. பெயருக்கு மேலே சிறு வட்டத்துக்குள் தெற்குச் சிலுவைச் சின்னம் இருந்தால் அது 1930க்குப் பிந்திய கல்.

கேடயத்தைக் கண்டதும் உள்நாட்டுப் போர் என்று எழுதிவிடக் கூடாது. 1898இன் ஸ்பானிய-அமெரிக்கப் போர் வீரர்களுக்கும் இதே கேடயக் கல்தான். 'ஸ்பா. அமெ. வார்' என்பதற்கான ஆங்கிலச் சுருக்கம் அடியில் இருக்கிறதா என்று பாருங்கள். அதேபோல, கல் பக்கத்தில் செருகியிருக்கும் ஐந்துமுனை நட்சத்திரக் கொடித்தாங்கி, முன்னாள் வீரர் சங்கமான கிராண்ட் ஆர்மி ஆஃப் தி ரிபப்ளிக்கின் அடையாளம். 1866இல் தொடங்கிய அந்தச் சங்கம் 1956இல் கடைசி உறுப்பினர் ஆல்பர்ட் உல்சனின் மறைவோடு முடிந்தது. கொடித்தாங்கி நல்ல துப்பு, ஆனால் உறுதியான சான்று அல்ல. புல்வெட்டும் இயந்திரத்துக்கு இடம்விட அதைப் பிடுங்கி, பக்கத்துக் கல்லறையில் செருகிவிட்டுப் போவது வழக்கமாக நடக்கிறது.

கிளம்பும் முன் வீட்டிலேயே செய்ய வேண்டியவை

வெறுங்கையோடு போனால் நாள் முழுக்கத் தேடி நாலு கல்லோடு திரும்புவீர்கள். முதலில் பட்டியல் போடுங்கள். தேசியக் கல்லறைகளுக்கு, முன்னாள் படைவீரர் நலத்துறை இணையத்தில் நடத்தும் 'நேஷன்வைட் கிரேவ்சைட் லொக்கேட்டர்' பிரிவு எண்ணும் கல்லறை எண்ணும் தரும். தேசியப் பூங்காத் துறையின் 'சோல்ஜர்ஸ் அண்ட் செய்லர்ஸ்' தளத்தில் சுமார் 63 லட்சம் பெயர்ப் பதிவுகள் உள்ளன. ஒரே ஆள் இரண்டு ரெஜிமென்ட்டில் இருந்தால் இரண்டு முறை வருவார். அங்கே புதைத்த இடம் கிடைக்காது, ரெஜிமென்ட்டைச் சரிபார்க்க மட்டும் உதவும்.

ஊர்ப்புறக் கல்லறைகளுக்குக் கைகொடுப்பவை தேசிய ஆவணக் காப்பகத்தின் கல் வழங்கல் அட்டைகள். 1879 முதல் 1903 வரை வடக்குப் படை வீரர்களுக்கு அரசு அனுப்பிய சுமார் 1,66,000 கற்களின் விவரம் அவற்றில் அகரவரிசையில் இருக்கிறது: பதவி, கம்பெனி, ரெஜிமென்ட், கல்லறைத் தோட்டத்தின் பெயர், ஊர், கல்லை அனுப்பிய ஒப்பந்தக்காரர். அட்டை இருந்து கல் இல்லையென்றால் அது சாய்ந்து மண்ணுக்குள் கிடக்க வாய்ப்புண்டு. 1890ஆம் ஆண்டின் முன்னாள் வீரர் சிறப்புக் கணக்கெடுப்பும் உதவும். அதில் அகரவரிசைப்படி அலபாமா முதல் கென்டக்கியின் பாதி வரை ஏறக்குறைய எல்லாம் அழிந்துவிட்டன. மீதி மாநிலங்களுக்குத்தான் கிடைக்கும்.

எங்கே தொடங்குவது? கெட்டிஸ்பர்க், விக்ஸ்பர்க், ஆண்டர்சன்வில் போன்ற பெரிய தேசியக் கல்லறைத் தோட்டங்களில் கற்கள் வரிசையாக நிற்கும். ஏற்கெனவே படங்களும் ஏராளம். பழகிக்கொள்ள அவை நல்ல இடம். தேவை அதிகம் இருப்பது வேறிடத்தில்: ஆளில்லாத தேவாலயங்களின் பின்புறம், பண்ணை வயலின் நடுவில் மரக்கூட்டம், குறிப்பாகக் கறுப்பின மக்களின் பழைய கல்லறைகள். யு.எஸ்.சி.டி. என்று கல்லில் பொறித்த கறுப்பினப் படையணிகளில் ஏறத்தாழ 1,80,000 பேர் பணியாற்றினார்கள். இனம் பிரித்துப் புதைத்த காலத்தில் அவர்களுக்குக் கிடைத்த நிலங்களில் பல, இன்று பார்ப்பாரின்றிப் புதராகிக் கிடக்கின்றன. ஒரே ஒரு வார இறுதிதான் கையில் இருக்கிறது என்றால் அங்கே போங்கள்.

பதிவு ஒழுங்காக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க் மாநில எல்மைராவின் உட்லான் கல்லறை சாட்சி. அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த ஜான் டபிள்யூ. ஜோன்ஸ் அங்கே வெட்டியான் பொறுப்பில் இருந்தார். சிறைமுகாமில் இறந்த தெற்குப் படையினர் ஏறக்குறைய 3,000 பேரை அவரே அடக்கம் செய்து, ஒவ்வொருவர் விவரத்தையும் எழுதி வைத்தார். அதனால்தான் அங்கே பெயர் தெரியாத கல்லறைகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுக்கே இருக்கின்றன.

அனுமதி: தேசியக் கல்லறைகளில் பகல் வெளிச்சம் இருக்கும் வரை சொந்த உபயோகத்துக்குப் படமெடுக்கலாம், ட்ரோன் கூடாது. அடக்கச் சடங்கு நடந்தால் கேமராவைப் பையில் வைத்துவிட்டு விலகிப் போய்விடுங்கள். தனியார் நிலத்துக்குள் இருக்கும் கல்லறை என்றால் உரிமையாளரிடம் கேட்காமல் வேலியைத் தாண்டாதீர்கள். முதல் நாளே போய்க் கதவைத் தட்டி, யாருடைய கல்லைத் தேடுகிறோம் என்று பெயரோடு சொன்னால், பலர் கூடவே வந்து வழிகாட்டுவார்கள்.

எந்த மாதம், என்ன பொருட்கள்

காட்டுப்புறக் கல்லறைகளுக்கு நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். இலை உதிர்ந்து கல் தெரியும், மண் அமுங்கிய பழைய குழிகளும் தெரியும், பாம்பும் உண்ணியும் குறைவு. அது வேட்டைக்காலமும் ஆகும். பளிச்சென்ற ஆரஞ்சு நிற மேலங்கி கட்டாயம். மே மாதக் கடைசித் திங்களான நினைவு நாளை ஒட்டிப் போனால், முன்னாள் வீரர் கல்லறைகளில் சிறு கொடிகள் நட்டிருப்பதால் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கலாம். கொடி எழுத்தை மறைத்தால் பிடுங்காதீர்கள். பக்கவாட்டில் நகர்ந்து இன்னொரு படம் எடுத்தால் போதும்.

பையில் இருக்க வேண்டியவை: 12க்கு 48 அங்குல அக்ரிலிக் முகம்பார்க்கும் கண்ணாடி (கதவில் மாட்டும் வகை, உண்மைக் கண்ணாடி உடைந்தால் புல்லில் சில்லு பொறுக்க முடியாது), கறுப்புக் குடை, கையடக்க எல்இடி விளக்கு, அளவு நாடா, மென்மையான இயற்கை முடித் தூரிகை, பீய்ச்சும் புட்டியில் வெறும் தண்ணீர், முட்டிக்குப் போடும் மெத்தை, புல் வெட்டும் கத்தரி, நோட்டுப் புத்தகம், பென்சில். நீளக் காற்சட்டையின் அடியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். மூன்று மூன்று இலையாகக் கொடி படர்ந்திருந்தால் அது விஷ ஐவியாக இருக்கலாம். கல்லில் ஏறியிருந்தாலும் கையால் பிய்க்காதீர்கள்.

இன்னொன்று: 42 அங்குல நேர்கல் ஒன்றின் எடை சுமார் 230 பவுண்டு. சாய்ந்து நிற்கும் கல்லின் கீழ்ப்பக்கம் உட்காராதீர்கள், கல்லில் முதுகு சாய்க்காதீர்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போனால் இதை வண்டியிலிருந்து இறங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

வெளிச்சம்

எழுத்தைப் படிக்க வைப்பது வெளிச்சம் அல்ல, நிழல். கோயில் கல்வெட்டு படிப்பவர்களுக்கு இது பழகிய சங்கதிதான்: நேர்வெளிச்சத்தில் ஒன்றுமில்லாத பாறை, சாய்வெளிச்சம் பட்டதும் பேசத் தொடங்கும். ஆனால் அவர்கள் செய்வதுபோல் காகிதம் ஒட்டித் தட்டி மைப்படி எடுப்பது இங்கே கூடாது. பொடியும் சலவைக்கல் அந்தத் தட்டலைத் தாங்காது. பல இடங்களில் அதற்குத் தடையும் உண்டு.

பழைய கல்லறைகளில் தலை மேற்கிலும் கால் கிழக்கிலுமாகப் புதைப்பது மரபு. அதனால் கல்முகம் கிழக்கையோ மேற்கையோ பார்த்திருப்பதே அதிகம். கிழக்கு பார்த்த கல்லைக் காலையில் எடுக்க வேண்டும் என்று பலரும் சொல்வார்கள். அதுதான் முதல் தவறு. காலை வெயில் முகத்தில் நேராக அறைந்து நிழலையெல்லாம் துடைத்துவிடும். சூரிய உச்சிக்கு 40 நிமிடம் முன்பு வெயில் அதே முகத்தை ஏறத்தாழ 10 பாகைச் சாய்வில் தடவும். ஒரு மணி நேரம் முன்பு என்றால் சுமார் 15 பாகை. கிழக்கு முகத்துக்கு இந்த இடைவெளிதான் பொன்னான நேரம். மேற்கு முகத்துக்கு உச்சிக்குப் பின் அதே கணக்கு. கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியிருப்பதால், உச்சி என்பது 12 மணி அல்ல, பகல் 1 மணி வாக்கில். ஊருக்கு ஊர் மாறும், ஏதாவது ஒரு சூரியன்-நிலவுச் செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தெற்கு பார்த்த கல்லுக்கு ஜூன் மாத உச்சிவெயில் மேலிருந்து சரிந்து விழும், அது நன்மை. குளிர்காலத்தில் அதே நேரத்து வெயில் நேராக அடிக்கும். அப்போது அதிகாலையோ மாலையோ போக வேண்டும். வடக்கு பார்த்த கல்லுக்குக் கோடையில் காலையும் மாலையும் கொஞ்சம் வெயில் கிடைக்கும், குளிர்காலத்தில் ஒன்றுமே இல்லை. அங்கேதான் கண்ணாடி வேண்டும்.

கண்ணாடியைப் பயன்படுத்தும் முறை:

1. கல்லிலிருந்து 6 முதல் 10 அடி தள்ளி, வெயில் படும் இடத்தில், கல்முகத்தின் தளத்துக்குச் சற்றே முன்னால் நில்லுங்கள். பக்கவாட்டில் எவ்வளவு ஒதுங்குகிறீர்களோ அவ்வளவு சாய்வு கிடைக்கும்.
2. கண்ணாடியை நெட்டுக்குத்தாகப் பிடித்து வெயிலைக் கல்லின் மேல் திருப்புங்கள். கல்லில் நேர்வெயிலும் விழுந்தால், கூட வருபவர் குடையால் அதை மறைக்கட்டும்.
3. வெளிச்சம் கடிகாரத்தில் 10 மணி இருக்கும் திசையிலிருந்து, மேல் இடமிருந்து கீழ் வலமாகப் பாயட்டும். கிடைக்கோட்டில் பாய்ந்தால் எழுத்தின் படுக்கைக் கோடுகள் மறையும், செங்குத்தாகப் பாய்ந்தால் நிற்கும் கோடுகள் மறையும்.
4. கேடயக் கல்லுக்கு 10 பாகை மிகவும் தாழ்வு. கேடயத்தின் விளிம்பே நிழல் போட்டு, வளைவாக எழுதிய பெயரை மூடிவிடும். 20 பாகைக்கு ஏற்றுங்கள்.
5. ஒரு படத்தோடு நிறுத்தாமல் வலப்பக்கத்திலிருந்தும் ஒன்று எடுங்கள். ஒரு பக்கம் 3 போலத் தெரிந்தது மறுபக்கம் 8 ஆகும்.

தட்டைக் கண்ணாடி மட்டுமே கொண்டுபோங்கள். குழியாடி காய்ந்த புல்லைப் பற்றவைக்கும். சாலைப் பக்கம் ஒளியைத் திருப்பாதீர்கள். தனியாகப் போகிறவர்கள் கல்லைக் குடை நிழலில் வைத்து, எல்இடி விளக்கைப் பக்கத்தில் பிடித்து எடுக்கலாம். கேமராவிலோ கைபேசியிலோ உள்ள ஃப்ளாஷை மட்டும் அணைத்துவிடுங்கள்.

மெருகேற்றிய கிரானைட்டுக்கும், நீலச்சாம்பல் நிறத் துத்தநாக நினைவுத்தூண்களுக்கும் மேகம் போட்ட நாளே போதும். துத்தநாகத்தை அந்நாள் வியாபாரிகள் 'வெள்ளை வெண்கலம்' என்று விற்றார்கள். எழுத்து இன்றும் வார்த்த அன்றுபோலவே கூர்மையாக இருக்கும். கிரானைட்டில் உங்கள் உருவமே தெரியும் என்பதால் கறுப்புச் சட்டை போட்டு, சற்றுக் கோணத்தில் நில்லுங்கள்.

கேமரா

நின்றபடி மேலிருந்து எடுத்தால் கல் கீழே குறுகித் தெரியும், கீழ்வரி புல்லில் மறையும். முட்டி போட்டு, கேமராவைக் கல்லின் நடு உயரத்துக்குக் கொண்டுவந்து, முகத்துக்கு இணையாகப் பிடியுங்கள். கைபேசி என்றால் இரண்டு மடங்குப் பெரிதாக்கும் லென்ஸ். அகலக்கோண லென்ஸ் விளிம்புகளை வளைத்துவிடும். தனிக் கேமரா என்றால் 50 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல், துளை எஃப் 8, ஐஎஸ்ஓ 100 முதல் 400, கோப்பு 'ரா' (கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும்) வடிவத்தில்.

வெள்ளைக்கல் சட்டத்தை நிறைத்தால் கேமரா ஏமாந்து சாம்பல் நிறமாக்கும், ஒளியளவை +0.7 அல்லது +1க்கு ஏற்றுங்கள். சுற்றிலும் கரும்பச்சைப் புல் அதிகம் இருந்தால் நேர்மாறாகக் கல் வெளுத்து எழுத்து எரிந்துபோகும். அப்போது குறைக்க வேண்டும். கைபேசியில் எழுத்தின் மேல் விரலை அழுத்திப் பூட்டிவிட்டு, வெளிச்சத்தைக் கீழே இழுப்பதே பாதுகாப்பு. இருட்டிய படத்தைப் பின்னர் மீட்கலாம், எரிந்துபோனதை மீட்க முடியாது.

ஒவ்வொரு கல்லறைத் தோட்டத்திலும் முதல் படம் வாசல் பலகை. பிறகு ஒவ்வொரு வீரருக்கும்: சுற்றுப்புறத்தோடு கல் நிற்கும் இடம், கல் முழுவதும், எழுத்து மட்டும், பின்பக்கமும் விளிம்புகளும், கால்மாட்டில் நட்ட காற்கல் இருந்தால் அது, கொடித்தாங்கி, இரு பக்கத்து அண்டைக் கற்கள். அண்டைக் கற்களை விட்டுவிடாதீர்கள். அரசுக் கல்லில் பிறப்பு இறப்பு நாட்கள் பெரும்பாலும் இராது. பக்கத்தில் மனைவிக்கோ பெற்றோருக்கோ குடும்பம் வைத்த கல்லில்தான் அந்த விவரம் கிடைக்கும். ஜிபிஎஸ் இடக்குறிப்பை கல்லருகே நின்று எடுங்கள். மரத்தடியில் அது பல அடி விலகும் என்பதால், 'வாசலிலிருந்து மூன்றாம் வரிசை, பெரிய ஓக் மரத்துக்குத் தெற்கே' என்று கையாலும் எழுதிக்கொள்ளுங்கள்.

கல்லில் கை வைக்கும் முன்

காய்ந்த புல், பறவை எச்சம், சிலந்தி வலை: தூரிகையும் தண்ணீரும் போதும். அடியில் வளர்ந்த புல்லைக் கத்தரியால் வெட்டுங்கள், பிடுங்க வேண்டாம். அவ்வளவே நம் எல்லை. பாசியைச் சுரண்டினால் கல்லின் தோலும் சேர்ந்து வரும். கம்பித் தூரிகை, ப்ளீச்சிங் திரவம், பாத்திரம் துலக்கும் பொடி எதுவும் கூடாது. எழுத்தில் சவரக்கூழ் தடவிப் படிக்கும் பழைய பழக்கம் இன்னும் ஒழியவில்லை. அதிலுள்ள கொழுப்பமிலம் கல்லின் நுண்துளைகளில் தங்கி அரிக்கும், மாவு தடவினால் பூஞ்சை வளரும். முழுச் சுத்தம் செய்ய விரும்பினால் கல்லறை நிர்வாகத்தின் அனுமதியோடு டி/2 என்ற உயிர்க்கொல்லிக் கரைசலைப் பயன்படுத்துங்கள். அரசுக் கல்லறைகளிலும் அதுவே புழக்கத்தில் இருக்கிறது. நொறுங்கும் நிலையிலுள்ள கல்லுக்கு அதுவும் வேண்டாம்.

குழிந்த எழுத்துக்கு ஒரு தீங்கற்ற உபாயம் உண்டு. தண்ணீர் பீய்ச்சிவிட்டுக் காத்திருங்கள். மேற்பரப்பு முதலில் உலர்ந்து வெளுக்கும், எழுத்துக்குழியில் ஈரம் தங்கிக் கறுத்து நிற்கும். அந்தச் சில நிமிடங்களில் எடுங்கள். உறைபனி நாளில் மட்டும் செய்யாதீர்கள். உள்ளே போன நீர் உறைந்தால் கல் வெடிக்கும்.

எழுத்தைப் படிப்பதும் சரிபார்ப்பதும்

அங்கேயே, கல்லின் முன்னாலேயே, வரிக்கு வரி கல்லில் உள்ளபடி எழுதுங்கள். தப்பு என்று தெரிந்தாலும் திருத்தாதீர்கள். திருத்தம் தனிக் குறிப்பாக இருக்கட்டும். சந்தேகமான எழுத்தை அடைப்புக்குள் போடுங்கள். 1ம் 7ம், 3ம் 8ம், 5ம் 6ம், ஆங்கில சி-யும் ஜி-யும் தேய்ந்த கல்லில் இரட்டைப் பிள்ளைகள்.

சரிபார்க்க இரண்டு எளிய சோதனைகள். காலாட்படை ரெஜிமென்ட்டின் கம்பெனிகள் ஏ முதல் கே வரை, ஆனால் ஜே கிடையாது. கையெழுத்தில் ஐ-யோடு குழம்பும் என்று விட்டுவிட்டார்கள். 'கம்பெனி ஜே' என்று படித்தால் நீங்கள் தவறாகப் படித்திருக்கிறீர்கள். எல், எம் வந்தால் அநேகமாகக் குதிரைப்படை அல்லது கனரக பீரங்கிப்படை. அடுத்து, அந்த மாநிலத்தில் அப்படியொரு ரெஜிமென்ட் இருந்ததா? வெர்மான்ட் திரட்டிய காலாட்படை ரெஜிமென்ட்டுகள் 17தான். '19ஆம் வெர்மான்ட்' என்று தெரிந்தால் திரும்பப் போய் 10ஆ, 16ஆ என்று பாருங்கள். பெயரின் எழுத்துக்கோப்பு குடும்பம் எழுதியதோடு ஒத்துப்போகாவிட்டால் வியப்பில்லை. படைப் பதிவேட்டில் எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதே கல்லுக்கும் போனது. புனைபெயரில் படையில் சேர்ந்தவர்களும் உண்டு.

வீட்டில் படத்தைக் கறுப்பு-வெள்ளையாக்கி மாறுபாட்டைக் கூட்டிப் பாருங்கள். பிடிபடாவிட்டால் நிறத்தைத் தலைகீழாக்கிப் பாருங்கள். அது படிப்பதற்கான நகல் மட்டும். மூலக் கோப்பைத் தொடாமல் வையுங்கள். கோப்பின் பெயரில் மாநிலம், கவுண்டி (நம் மாவட்டம் போன்றது), கல்லறைத் தோட்டம், குடும்பப் பெயர், முதற்பெயர், ரெஜிமென்ட் என்ற வரிசை இருந்தால் பத்து ஆண்டு கழித்தும் தேடி எடுக்கலாம். கல்லறை விவரங்களைத் தொகுக்கும் 'ஃபைண்ட் எ கிரேவ்' இணையத் தளத்தில் ஏற்றும்போது அந்த வீரருக்கு ஏற்கெனவே பக்கம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அதிலேயே சேருங்கள். ஒரே ஆளுக்கு இரண்டு பக்கம் உருவானால் தேடுபவர்தான் அலைவார்.

அட்டையில் பெயர் இருந்து, நிலத்தில் கல்லே இல்லாவிட்டால் விஷயம் முடிந்துவிடவில்லை. குறி இல்லாத கல்லறைக்கு முன்னாள் படைவீரர் நலத்துறை இலவசமாகக் கல் தருகிறது. படிவ எண் 40-1330. 1917 ஏப்ரல் 6க்கு முன் பணி முடிந்த வீரருக்காக யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம், உறவினராக இருக்க வேண்டியதில்லை. பணிப் பதிவு அல்லது ஓய்வூதியக் கோப்பின் நகல், அவர் அங்கே புதைக்கப்பட்டதற்கான ஆதாரம், கல்லறை நிர்வாகத்தின் ஒப்புதல் ஆகியவை தேவை. தனியார் கல்லறை என்றால் கல்லை நடும் செலவு நம்முடையது. விண்ணப்பத்தில் எழுதும் எழுத்துக்கோப்பே கல்லில் வரும், ஆகவே ரெஜிமென்ட் எண்ணையும் பெயரையும் இன்னொருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிவிட்டு அனுப்புங்கள். கல் நட்ட பின், வெற்று நிலத்தை முன்பு எடுத்த அதே இடத்தில் நின்று மறுபடி ஒரு படம் எடுத்து, இரண்டையும் சேர்த்து ஏற்றுங்கள்.